காட்டில் உன் உம்மா சொன்னது

மகன்,

உனக்கும் உன்னோடு ஒரே அறையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஸலாம். நீ சுகமாக இருப்பதை நேற்றுத்தான் வீடியோவில் பார்த்தேன், அதனால் சுகம் விசாரிப்பதற்கென்று ஒரு பந்தி எழுதப் போவதில்லை. உன் நிக்காஹ்வுக்கு இன்னும் ஐந்து கிழமைதான் இருக்கிறது. நீ கட்டாரிலிருந்து லீவில் வந்து இறங்கினால் வீடு முழுக்க ஆட்களாக இருக்கும். உன்னோடு தனியாக இருந்து கதைக்க எனக்கு அரை மணித்தியாலம்கூடக் கிடைக்காது. போனில் கதைக்கலாம்தான். ஆனால் போனை எடுத்தால் "சாப்பிட்டியா, அங்க வெயிலா" என்ற இரண்டு கேள்விக்கு மேல் போகத் தெரியாதவன் நான் என்பது உனக்கே தெரியும். அதனால்தான் பேனையை எடுத்தேன். இது நீளமான கடிதம். வேலை முடிந்து வந்து, குளித்து, தேத்தண்ணியும் குடித்துவிட்டு ஆறுதலாக வாசி.

பெப்ரவரியில் என்னையும் உம்மாவையும் காட்டுக்கு அனுப்பினாயே, அன்று பின்னேரம் நீ போன் எடுத்து "எப்படி வாப்பா இருந்த?" என்று கேட்டாய். "நல்லம், காடுதானே" என்று சொல்லிவிட்டு போனை உம்மாவின் கையில் கொடுத்துவிட்டேன். அன்று நடந்ததை அப்போது என்னால் சொல்ல முடியவில்லை. உம்மாவிடம் அனுமதி கேட்டு, அவ "எழுதுங்க" என்று சொன்ன பிறகுதான் இப்போது எழுதுகிறேன்.

உன் உம்மாவுக்கு நெஞ்சு அடைப்பது போல வரத் தொடங்கியது, நான் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கத் தொடங்கிய ஆறாம் மாதம். சோறு வடித்துக்கொண்டு நிற்பா, திடீரென்று சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிடுவா. கை நடுங்கும், நித்திரையும் இல்லை. கல்முனையில் மூன்று தடவை காட்டினோம். இரத்தம் பார்த்தார்கள், நெஞ்சுக்கு வயர் பூட்டிப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். கடைசியில் அந்த டொக்டர் பிள்ளை என்னை வெளியே கூப்பிட்டு, "அம்மாட நெஞ்சில ஒரு குறையுமில்ல. மனசிலதான் ஏதோ பாரம் கிடக்கு போல. அமைதியான இடம் எங்கயாவது கூட்டிப் போங்க" என்றாள். நான் அந்த ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்றபடியே, உம்மாவுக்கும் கேட்கும்படி, "மனசில என்ன பாரம்? இருக்க வீடு இருக்கு, மகன் நல்லா இருக்கான், மனிசன் பீடிகூடக் குடிக்கிறதில்ல" என்று சொன்னேன். உம்மா மருந்துப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றா. எனக்குப் பதில் சொல்லவில்லை. அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். முப்பத்தைந்து வருஷமாக அவவின் பேசாமையை நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன் என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது.

அந்த நேரத்தில்தான் நீ அங்கிருந்தே போனில் தேடிப் பார்த்து, சியம்பலாண்டுவைப் பக்கம் ஒரு இடத்தில் எங்கள் இரண்டு பேரின் பெயரையும் பதிந்துவிட்டாய். 'காட்டுக் குளியல்' என்றாய். குளியல் என்றால் குளிப்பதுதானே, மகன்? உம்மா பெரிய பையை எடுத்து இரண்டு துவாய், ஒரு சவர்க்காரம், எனக்கு மாற்றுச் சாரம், தனக்குக் குளிக்கிற உடுப்பு என்று ஒவ்வொன்றாக அடுக்கினா. "இஞ்ச கிணத்துல தண்ணி இல்லாமலா குளிக்கிறதுக்குக் காட்டுக்குப் போற?" என்று நான் கேட்டேன். "மகன் ஆசையா ஏற்பாடு செஞ்சிருக்கான். கதைக்காம வாங்க" என்றா. அந்தப் பையை நான்தான் காடு முழுக்கச் சுமந்துகொண்டு நடந்தேன். சவர்க்காரம் போனபடியே வீட்டுக்குத் திரும்பி வந்தது.

சுபஹு தொழுத கையோடு மொனராகலை பஸ்ஸில் ஏறினோம். என் பழைய ரோட்டு. அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில், அதற்குப் பிறகு காடு. முப்பது வருஷத்துக்கு மேல் அந்த ரோட்டில் ஸ்டியரிங் பிடித்தவன், அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பயணி ஆசனத்தில் இருந்து போனேன். ஒவ்வொரு வளைவிலும் என் கால் தானாகவே பிரேக்கைத் தேடியது. பக்கத்தில் இருந்த உம்மா அதைப் பார்த்து முந்தானையால் வாயை மூடிச் சிரித்தா. பொத்துவில் தாண்டி, இரண்டு பக்கமும் மரங்கள் வந்து ரோட்டைக் கவிந்துகொண்ட இடத்தில், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "இதுதானா நீங்க ஓடின ரோட்டு?" என்று கேட்டா.

"ஓம். ஏன்?"

"இல்ல, வடிவாக் கிடக்கு. நான் இண்டைக்குத்தானே பாக்கிறன்."

எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது, மகன். நம்முடைய ஊரில் பாதிப் பேரை அந்த ரோட்டால் ஏற்றி இறக்கியிருக்கிறேன். கல்யாணக் கூட்டம், ஆஸ்பத்திரிக்காரர், பரீட்சை எழுதப் போன பிள்ளைகள், யாரென்றே தெரியாத ஆட்கள். என் மனைவியை ஒரு நாளாவது முன் ஆசனத்தில் இருத்திக் கொண்டுபோய்க் காட்டவில்லை. அவவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும்.

எங்களைக் கூட்டிப் போக நின்ற பிள்ளையின் பெயர் சுகந்தி. திருக்கோவில் பிள்ளை, முப்பத்தைந்து வயது இருக்கும், தலையில் ஒரு தொப்பி. அவளோடு யானைக்குக் காவலாகக் கையில் வெடியோடு ஒரு சிங்களப் பெரியவர் வந்தார். எங்களைத் தவிர அம்பாறையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவருடைய மனைவியும் வந்திருந்தார்கள். அவ்வளவுதான் கூட்டம். சுகந்தி எங்களை ஒரு வீரை மரத்துக்குக் கீழே நிற்க வைத்து, தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிச் சொன்னாள். போனைப் பைக்குள் வைக்க வேண்டும். மரத்தின் பெயர், குருவியின் பெயர் ஒன்றும் கேட்க வேண்டாம், பாடம் படிக்க வரவில்லை. மெல்ல நடக்க வேண்டும். கண், காது, மூக்கு, கை எல்லாவற்றையும் காட்டுக்குள் கொஞ்ச நேரம் விட வேண்டும். அதுதான் குளியல். நான் உம்மாவைப் பார்த்தேன், உம்மா என் தோளில் கிடந்த பையைப் பார்த்தா. இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மெல்ல என்றால் எவ்வளவு மெல்ல என்று நினைக்கிறாய்? இரண்டு மணித்தியாலத்தில் அரைக் கிலோமீற்றர்கூட நாங்கள் போகவில்லை. என்னால் முடியவில்லை. நேரத்துக்குப் புறப்பட்டு நேரத்துக்குப் போய்ச் சேர்வதையே தொழிலாகச் செய்தவன் நான். என்னையறியாமல் முன்னுக்குப் போய்விடுவேன், சுகந்தி கூப்பிடுவாள், திரும்பி வருவேன். மூன்றாம் தடவை அவள் என் பக்கத்தில் வந்து, "ஐயா, நாங்க ஒரு இடத்துக்கும் போகல்ல" என்றாள்.

"போகாட்டி என்னத்துக்கு நடக்கிற, மகள்?"

"நிக்கிறதுக்குத்தான் ஐயா."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் திரும்பிப் பார்த்தபோது உம்மா பின்னால் கண்ணை மூடிக்கொண்டு நிற்பது தெரிந்தது. சத்தங்களைக் கேட்கச் சொல்லியிருந்தாள் சுகந்தி, கிட்டக் கேட்பதை முதலில், பிறகு தூரத்தில் கேட்பதை. உம்மாவின் முகம் ஒவ்வொரு சத்தத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. காட்டுக்கோழி ஒன்று கூவியது. மேலே மந்திகள் கொப்புக்குக் கொப்பு தாவ, இலைகள் உதிர்ந்தன. ஓரிலை உம்மாவின் தோளில் விழுந்தது, அவ அதைத் தட்டிவிடவில்லை. நானும் கண்ணை மூடிப் பார்த்தேன். முதலில் என் மூச்சுத்தான் கேட்டது, வளைவில் ஏறுகிற பழைய பஸ் மாதிரி. கொஞ்ச நேரத்தில் அதுவும் அடங்கி, எங்கேயோ தண்ணீர் ஓடுவது கேட்டது.

அந்தத் தண்ணீர், சின்ன ஆறு ஒன்று. கரை முழுக்கப் பெரிய பெரிய மருத மரங்கள், வேர்கள் தண்ணீருக்குள் இறங்கிக் கிடந்தன. அங்கேதான் சுகந்தி சொன்னாள்: "இனி ஆளாளுக்கு ஒரு இடம் பாத்து இருங்க. இருபது நிமிஷம். ஒண்டும் செய்ய வேணாம். நித்திரை வந்தாலும் குத்தமில்ல." ஆசிரியரும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். நான் ஒரு கல்லில் இருந்தேன். எனக்கு நேரே, ஒரு இருபதடி தூரத்தில், உம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மருத மரத்தில் முதுகைச் சாய்த்து இருந்தா. இரண்டு கைகளும் மடியில் கிடந்தன.

நான் காட்டைப் பார்க்கவில்லை, மகன். அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கைகள் சும்மா கிடந்து நான் ஒரு நாளும் கண்டதில்லை. கீரை ஆயும், மீன் வெட்டும், உன் சட்டைக்குப் பொத்தான் தைக்கும், விசிறும், தஸ்பீஹ் மணி உருட்டும். டீவி பார்க்கும்போதுகூட வெங்காயம் உரிக்கும். நான் பஸ்ஸை நிறுத்தினால் என் வேலை நின்றுவிடும். அந்தக் கைகளுக்கு நிற்கிற இடமே இருக்கவில்லை.

கொஞ்ச நேரம் போயிருக்கும். உம்மாவின் தோள் குலுங்குவது தெரிந்தது. சிரிக்கிறாவோ என்றுதான் முதலில் நினைத்தேன். அழுதுகொண்டிருந்தா. சத்தமில்லாமல், முகத்தை மூடாமல், அப்படியே முன்னால் பார்த்தபடி. நான் எழும்பிவிட்டேன். நெஞ்சுதான் அடைக்கிறது என்று பயந்து ஓட வெளிக்கிட்டபோது சுகந்தி வந்து குறுக்கே நின்றாள். "மூச்செல்லாம் நல்லா வருது ஐயா, நான் பாத்துக்கொண்டுதான் நிக்கிறன். அவ அழட்டும். இஞ்ச வந்து கனபேர் அழுறவங்க" என்று மெல்லச் சொன்னாள்.

"நான் என்ன செய்ய?"

"ஒண்டும் செய்ய வேணாம். நில்லுங்க."

நின்றேன். அந்தச் சில நிமிஷம் நின்றதுதான் என் ஆயுளில் நான் செய்த கஷ்டமான வேலை என்று நினைக்கிறேன். வேறு நேரமென்றால் தண்ணீர் கொடுத்திருப்பேன், "என்ன அழுகை இது, ஆட்கள் பாக்கிறாங்க" என்று சொல்லியிருப்பேன், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுப்பியிருப்பேன். அன்று என்னை ஒன்றும் செய்ய விடவில்லை. பிறகு உம்மாவே என்னைப் பார்த்துக் கையால் கூப்பிட்டா. போய்ப் பக்கத்து வேரில் இருந்தேன். ஆற்றைப் பார்த்தபடியே சொன்னா:

"அந்தப் புள்ளைக்கு இப்ப முப்பத்திரண்டு வயசு."

எந்தப் பிள்ளை என்று நான் கேட்கவில்லை. கேட்காததற்கு அல்லாஹ்வுக்கு நன்றி சொல்கிறேன்.

மகன், நீ எங்களுடைய முதல் பிள்ளை இல்லை. உனக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் பிள்ளை பிறந்தாள். மாதம் நிறைந்துதான் பிறந்தாள், ஆனால் உயிரில்லாமல் பிறந்தாள். இதை உனக்கு நாங்கள் சொல்லவில்லை. எங்களுக்குள்ளேயும் நாங்கள் கதைத்ததில்லை. கதைக்காமல் போனதற்குக் காரணம் நான்.

அன்று காலையில் நான் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறேன், உம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, "இண்டைக்குப் போகாதீங்க. எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு. புள்ள அசையிறது குறைவு போல" என்றா. டிப்போவில் ஒரு சொல் சொன்னால் எனக்கு லீவு தந்திருப்பார்கள். ஒருவரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அந்த நாட்களில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. மழை, வெள்ளம், ரோட்டில் பிரச்சினை, எதுவென்றாலும் ஒரு நாளும் ஓட்டம் விடாத சாரதி என்று என்னைச் சொல்வார்கள். அந்தப் பெயரைக் காப்பாற்றத்தான் போனேன். "உன்ட உம்மாவக் கூப்பிட்டு வெச்சுக்க. நாளைக்கு வந்திடுவன்தானே" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். உன் உம்மும்மா அடுத்த வளவில்தானே இருந்தா, அந்தத் தைரியம். மொனராகலையில் தங்கி, அடுத்த நாள் பின்னேரம் வந்தேன். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பக்கத்து வீட்டு வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே எல்லாரும் முடிந்ததைச் செய்திருக்கிறார்கள். பிள்ளையை உன் மாமாதான் கையில் வாங்கிக்கொண்டு போய் மையவாடியில் அடக்கியிருக்கிறார்.

போகாமல் நின்றிருந்தால் பிள்ளை பிழைத்திருப்பாளா என்பது எனக்குத் தெரியாது. அது அல்லாஹ்வின் நாட்டம். அதற்காக நான் என்னைத் தண்டிக்கவில்லை. என் பிழை அதற்குப் பிறகு நடந்தது. வார்டுக்குப் போனேன். உம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தா. என் சத்தத்தைக் கேட்டதும் திரும்பி வாயைத் திறந்தா. என்னமோ சொல்ல வந்தா. நான் முந்திக்கொண்டு, "அல்லாஹ் தந்தான், அல்லாஹ் எடுத்தான். சபூர் செய். இனி இதப் பத்திக் கதைக்க வேணாம்" என்றேன். உம்மா வாயை மூடினா. அடுத்த நாள் காலையில் நான் பஸ்ஸில் ஏறிவிட்டேன். நான் சொன்னது மார்க்கத்தில் உள்ள வார்த்தைதான், மகன், பொய்யில்லை. ஆனால் அவவுக்கு ஆறுதலாக நான் அதைச் சொல்லவில்லை. அவ அழுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லாமல், அந்த வார்த்தையால் அவவின் வாயை மூடினேன். சபூர், பொறுமை, என்பது அழக்கூடாது என்பதல்ல என்று தெரிந்தும் செய்தேன்.

ஆற்றங்கரையில் இதையெல்லாம் உம்மா எனக்குக் குற்றமாகச் சொல்லவில்லை. பிள்ளையைப் பற்றித்தான் சொன்னா. தலை நிறைய முடி இருந்ததாம். உன்னைப் போலவே நாடியில் ஒரு குழி இருந்ததாம். நர்ஸ் கொஞ்ச நேரம் கையில் வைத்திருக்க விட்டாளாம். "சூடா இருந்தாள், நான் நித்திரை எண்டு நினைச்சன்" என்றா. நீ சின்ன வயதில் நித்திரை கொள்ளும்போது ஓயாமல் உன் மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பாவே, நான்கூட அதற்கு ஏசியிருக்கிறேனே, ஏன் அப்படிச் செய்தா என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நான் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கத் தொடங்கிய பிறகு, தினமும் என்னைக் காணக் காண, அந்த வார்டில் சொல்ல வந்த கதை தொண்டை வரைக்கும் வந்து வந்து நிற்குமாம். அதுதான் நெஞ்சடைப்பு.

"நீ ஏன் புள்ள இவ்வளவு நாளும் சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"கதைக்க வேணாம் எண்டு நீங்கதானே சொன்னீங்க."

கோபமில்லாமல்தான் சொன்னா. அதனால்தான் தாங்க முடியவில்லை. "என்னை மன்னிச்சிரு" என்றேன். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவவிடம் நான் சொல்லாத வார்த்தை. உம்மா என் தோளிலிருந்து பையை எடுத்து, துவாயை உருவி எனக்குத் தந்தா. அப்போதுதான் நானும் அழுதுகொண்டிருக்கிறேன் என்பது எனக்குத் தெரிந்தது.

இருபது நிமிஷம் எப்போதோ முடிந்துவிட்டது. எங்களை ஒருவரும் கூப்பிடவில்லை. நாங்களாக எழும்பிப் போனபோது சுகந்தி பாய் விரித்து, சின்னக் கோப்பைகளில் ஆவாரம்பூத் தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தாள். ஆளாளுக்கு மனதில் பட்டதைச் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம் என்றாள். ஆசிரியர், தான் நாற்பது வருஷம் கதைத்துக் கதைத்துக் களைத்துவிட்டதாகச் சொன்னார், அவருடைய மனைவி அதற்குத் தலையாட்டினா. எல்லாரும் சிரித்தோம். உம்மாவின் முறை வந்தது. "நான் சொல்லவேண்டிய ஆளுக்குச் சொல்லிட்டன்" என்றுவிட்டுக் கோப்பையை நீட்டி, இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி கேட்டா.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உம்மா ஒன்று கேட்டா. "அவள எவடத்த அடக்கின எண்டு கேட்டுச் சொல்லுவீங்களா?" முப்பத்திரண்டு வருஷத்தில் நான் அதைக் கேட்டதில்லை. அடுத்த நாளே உன் மாமா வீட்டுக்குப் போனேன். கேட்டதும் அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். "இப்பதான் கேக்கணும் எண்டு தோணினதா மச்சான்?" என்றார். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டார். இரண்டு பேரும் மையவாடிக்கு நடந்தோம். தலைமாட்டில் நட்டிருந்த மீசான் பலகை சுனாமி வந்து போனபோதே போய்விட்டது, அடையாளம் ஒன்றும் இல்லை. ஆனால் மாமா வடக்குப் பக்க மதிலின் மூலையிலிருந்து கால் வைத்து எண்ணிக்கொண்டு போய் ஒரு இடத்தில் நின்றார். "ஒவ்வொரு பெருநாளும் வந்து ஸலாம் சொல்லிட்டுத்தான் போற நான்" என்றார். அந்த மனிதன் என் பிள்ளைக்கு என் இடத்தில் நின்று வாப்பாவாக இருந்திருக்கிறார், எனக்கு ஒரு வார்த்தை சொல்லிக் காட்டாமல். நீ லீவில் வந்ததும் முதலில் அவரைப் போய்ப் பார், மகன்.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு உம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நம்முடைய ஊர் வழக்கப்படி பெண்கள் உள்ளே போவதில்லை, அதனால் மதிலுக்கு வெளியே ரோட்டில் நின்றோம். நான் கையை நீட்டி, அந்த வெள்ளைப் பூ மரத்துக்கு இந்தப் பக்கம் என்று காட்டினேன். உம்மா மதிலில் கையை வைத்துக்கொண்டு பார்த்தா. துஆக் கேட்டா. பிறகு என் பக்கம் திரும்பி, "ஸாஜிதா எண்டு பேர் வெச்ச நான்" என்றா. நான் அந்தப் பெயரை ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். எனக்கு ஒரு மகள் இருந்தாள், அவளுக்கு ஒரு பெயர் இருந்தது, அது அறுபத்துநாலாவது வயதில் எனக்குத் தெரியவருகிறது.

காட்டுக்குப் போய் வந்ததும் உம்மாவுக்கு எல்லாம் சுகமாகிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். மாத்திரை இன்னும் எடுக்கிறா. சில நாட்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறா. ஆனால் நித்திரை வருகிறது, கை நடுக்கம் நன்றாகக் குறைந்துவிட்டது. சித்திரையில் இன்னொரு தடவை போய், அதே ஆற்றங்கரையில் இருந்துவிட்டு வந்தோம், இந்த முறை சவர்க்காரம் கொண்டு போகவில்லை. வீட்டிலும் காலையில் முற்றத்து வேம்புக்குக் கீழே இரண்டு கதிரை போட்டு இருபது நிமிஷம் இருக்கிறோம். போன் இல்லை, வெங்காயம் இல்லை. ஆரம்பத்தில் நான் ஐந்து நிமிஷத்துக்கு மேல் தாங்க மாட்டேன், உம்மா, சின்னப் பிள்ளை தாயின் சீலையைப் பிடிப்பது போல, என் சாரத்தைப் பிடித்து இழுத்து இருத்துவா. இப்போது பழகிவிட்டது. சில நாள் ஒன்றுமே கதைப்பதில்லை. சில நாள் உம்மா ஏதாவது சொல்வா. நான் கேட்டுக்கொண்டு இருப்பேன். பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது எனக்குப் புதிதாகக் கிடைத்த அறிவு.

மகன், நீ இன்னும் ஐந்து கிழமையில் மருதமுனையில் ஒரு பிள்ளையின் வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போகிறாய். நம்முடைய வழக்கம் அப்படி. நானும் இந்த வீட்டுக்கு அப்படி வந்தவன்தான். பெண்ணின் வீட்டில், பெண்ணின் உம்மா வாப்பாவுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறாள், அவளுக்கு என்ன குறை என்று ஆண்கள் நினைத்துவிடுகிறோம். நான் அப்படி நினைத்துத்தான் எந்த நேரமும் ரோட்டில் இருந்தேன். லீவு முடிய நீ திரும்பவும் கட்டாருக்குப் போவாய், அது உன் தொழில், அதை விடச் சொல்லவில்லை. ஆனால் அவள் ஒரு நாள் "எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு" என்று சொன்னால், நீ எங்கே நின்றாலும் செய்கிற வேலையைக் கீழே வைத்துவிட்டுக் கேள். அவள் அழுதால் அவசரப்பட்டு ஆறுதல் சொல்லாதே. ஆறுதல் என்று நாம் சொல்வதில் பாதி, நமக்கு அந்த இடத்திலிருந்து எழும்பிப் போவதற்கான வழிதான். லீவில் வந்து நிற்கும் நாட்களில் ஒரு நாளை எடுத்து, விருந்து, உறவு, கடைத்தெரு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அவளை எங்கேயாவது மரமும் தண்ணீரும் இருக்கிற இடத்துக்குக் கூட்டிப் போ. போய் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு வா.

இந்தக் கடிதத்தை இன்றைக்கு எழுதக் காரணம் ஒன்று இருக்கிறது. நேற்றுப் பின்னேரம் உன் மாமியார் வீட்டார் நாள் விஷயம் கதைக்க வந்தார்கள். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது அந்த வீட்டின் பெரிய மனிசி, இதற்கு முதல் வராதவ, உன் உம்மாவைப் பார்த்து, "உங்களுக்கு எத்தின புள்ளைகள்?" என்று கேட்டா. சும்மா கேட்கிற கேள்விதான். இருபத்தொன்பது வருஷமாக அந்தக் கேள்விக்கு இந்த வீட்டில் ஒரே பதில்தான்: "ஒண்டுதான், ஆண் புள்ள." நானே அதைச் சொல்ல வாயெடுத்தேன். உம்மா என்னைப் பார்த்தா. நான் வாயை மூடிக்கொண்டேன்.

"ரெண்டு" என்றா உம்மா. "மூத்தவ மௌத்தாகிட்டா. மாப்பிள்ள இளையவர்."

அந்த மனிசி உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "புள்ளைட பேரென்ன, மகள்?" என்று கேட்டா. உம்மா சொன்னா. அறையில் இருந்த எல்லாரும் அவளுக்காகத் துஆக் கேட்டார்கள். நானும் கையேந்தினேன். வந்தவர்கள் போன பிறகுதான் எனக்கு நினைவு வந்தது, இந்த வீட்டில் இதை அறியாத ஒரே ஆள் நீதான் என்று. வேறொருவரின் வாயால் நீ கேள்விப்படக் கூடாது.

உம்மா உள்ளே கொழுக்கட்டைக்கு மா வறுத்துக்கொண்டிருக்கிறா, வாசனை இங்கே வருகிறது. கடிதம் முடிந்ததா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டா. சுகமாக வந்து சேர்.

இப்படிக்கு,
ஸாஜிதாவுக்கும் உனக்கும்
வாப்பா.